ஒற்றைத் தண்டவாளத்துக் கடிதங்கள்

எங்கள் எதிர்வீட்டு அண்ணனிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் உடனே வராது. நாம் கேட்டு முடித்துவிட்டோமா என்று முதலில் பார்ப்பார். கண்ணைப் பார்ப்பார், உதட்டைப் பார்ப்பார், இனி ஒன்றும் வரப்போவதில்லை என்று நிச்சயமான பிறகுதான் அவர் வாய் திறக்கும். என் கணவர் லோரி ஓட்டுகிறவர். கிள்ளானிலிருந்து வீடு வரும்வரை பேச ஆளில்லாமல் வந்து, வந்ததும் மூச்சுவிடாமல் பேசுவார். பன்னிரண்டு வருடம் எதிரெதிரே இருந்தும் அண்ணன் அவருக்கு ஒரு முழுப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. இடைவெளியே கிடைக்கவில்லை, பாவம்.

பிரிக்பீல்ட்ஸில் அது ஐந்தாவது மாடி. வாசலில் தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்தால் நடைபாதைக் கம்பிகளுக்கு அப்பால் ரயில் யார்டு தெரியும். மத்தியான வெயிலில் தண்டவாளங்கள் தண்ணீர் ஓடுகிற மாதிரி மினுங்கும். எங்கேயோ இரண்டு பெட்டிகள் மெல்ல மோதிக்கொள்ளும். அந்தச் சத்தம் காதுக்கு வந்து சேர்வதற்குள் அரைத் தூக்கம் வந்துவிடும். ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டே நான் பல நாள் கனவுகூடக் கண்டிருக்கிறேன். கண் விழித்தால் எதிர் ஜன்னலில் அண்ணன் நின்று யார்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், அப்பா காலத்திலிருந்தே ரயில்வே. இவரும் சின்னச் சின்ன ஸ்டேஷன்களில் வேலை பார்த்து, ஐம்பது வயதிலேயே ஓய்வு வாங்கிக்கொண்டவர். அந்த ஸ்டேஷன்களுக்கு இடையே ஒற்றைத் தண்டவாளம்தான். எதிரெதிரே இரண்டு ரயில் வந்தால் கதை முடிந்தது. அதனால் ஒவ்வொரு துண்டுப் பாதைக்கும் ஒரே ஒரு டோக்கன் உண்டாம். அது கையில் கிடைத்த டிரைவர்தான் உள்ளே நுழையலாம். அவர் அடுத்த ஸ்டேஷனில் அதைக் கொடுத்த பிறகுதான் இன்னொரு ரயில் கிளம்பலாம்.

"டோக்கன் திரும்பி வரலைன்னா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நிக்க வேண்டியதுதான்."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"வரும்வரைக்கும், தங்கச்சி."

வேலையை விட்டு வந்தாரே தவிர அந்த டோக்கனை அவர் விட்டு வரவில்லை என்று நான் கேலி செய்வேன். கீழே சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் குடித்து, கிளாஸை ஓரமாக நகர்த்தி வைத்த பிறகுதான் தோசைக்குச் சொல்வார். "பாஸ், ரெண்டையும் சேர்த்துச் சொன்னா என்னலா? நானா ஓடிப்போறேன்?" என்று கடைக்கார பாய் சலித்துக்கொள்வார். லிஃப்ட் திறந்தால், உள்ளேயிருந்து கடைசி ஆள் இறங்கி நாலு எட்டு நடக்கும்வரை இவர் காலை எடுத்து வைக்க மாட்டார். அதற்குள் கதவு மூடி லிஃப்ட் போய்விடும். மறுபடி பட்டனை அழுத்திவிட்டு, கோபமே இல்லாமல் நிற்பார்.

அப்போதெல்லாம் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் கிடையாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் தம்பிகளும் இமெயில் முகவரி ஒன்றை எழுதி அனுப்பிவிடுவார்கள், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இங்கே யாருக்கும் தெரியாது. அண்ணனிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் ஓடும், பார்க்க அழகாகவே இருக்காது. எங்கள் மாடியில் ஆறு வீட்டுக்கும் ஆளுக்கொரு அஞ்சல் பெட்டி திறந்து கொடுத்தார். காலை ஆறு, மத்தியானம் ஒன்று, மாலை ஏழு. அந்த மூன்று நேரத்திலும் யாரும் தொடாமலேயே கம்ப்யூட்டர் போன் போடும். போன் லைனில் செருகியிருந்த மோடம் கீச்சுக்குரலில் பாடும். கதவு எண் வரிசையில் ஒவ்வொரு பெட்டியாகப் போய் வந்த கடிதங்களை எடுத்துக்கொண்டு வந்து, போனை வைத்துவிடும். அவருடைய பெட்டியைக் கடைசியில் வைத்திருந்தார்.

பாஸ்வேர்டை யாரும் அவரிடம் சொல்லக் கூடாது. நாமே வந்து அடித்துக் கொடுக்க வேண்டும். எனக்கு அதைச் சரியாக அடிக்க மூன்று தடவை ஆனது. மூன்று தடவையும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று சரக்கு வண்டியின் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஆறு பாஸ்வேர்டும் ஒரு ஃபைலில் பூட்டிக் கிடந்தன. அந்த வேலையைச் செய்கிற நேரத்தில் கம்ப்யூட்டர் மட்டும் அதைத் திறக்கும், வேறு யாருக்கும் திறக்காது.

"கடுதாசி வழியில தொலைஞ்சிட்டா?" என்று கேட்டேன். தம்பி லண்டனில் இருந்தான், எனக்குப் பயம்.

யோசித்துச் சொன்னார். "அங்க அழிக்கிறது கடைசி வேலை. இங்க முழுசா வந்து சேர்ந்த பிறகுதான் அங்க அழியும். நடுவில லைன் அறுந்தா அங்க இருக்கிறது அங்கேயே இருக்கும். அடுத்த தரம் வரும்."

அதற்குமேல் ஒரு காவலும் வைத்திருந்தார். இரண்டு வேலை ஒரே நேரத்தில் ஒரே பெட்டிக்குள் கைவிட்டால் கடிதங்கள் கலந்து நாசமாகிவிடுமாம். அதனால் போன் கிடைத்ததும், பெட்டிகளைத் தொடுவதற்கு முன்னால், கம்ப்யூட்டர் டோக்கன் என்று ஒரு சின்ன ஃபைலை எழுதி வைக்கும், முடிந்ததும் அதை அழித்துவிடும். டோக்கன் இருக்கும்போது இன்னொரு வேலை வந்தால், ஏற்கெனவே ஒன்று ஓடுகிறது என்று பேசாமல் திரும்பிப் போய்விடும். இதைச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

கடிதங்களை அச்சடித்து, எழுத்து உள்பக்கம் போக மடித்து, ஸ்டேப்ளர் ஊசி அடித்து அவரவர் கதவடியில் தள்ளிவிடுவார். அன்றைய இமெயிலில் தமிழ் எழுத்து கிடையாது. இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய தமிழைக் கண்ணால் பார்த்தால் ஒன்றும் புரியாது, வாய்விட்டு வாசித்தால்தான் அர்த்தம் வரும். ஏழரை மணிக்கு எங்கள் நடைபாதையில் நடந்தால் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் யாரோ முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். வெளிச்சம் மங்கும் நேரம், கீழே யார்டில் ஒவ்வொரு விளக்காக எரியத் தொடங்கும். தூரத்துப் பிள்ளைகளெல்லாம் வீட்டுக்குள் வந்து தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றும். அந்த நேரத்தில் மெஷினை ஓட்ட மாட்டேன்.

இனி டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிள்ளான்காரர், பாலர் பள்ளியில் பாடம் சொல்லிக்கொண்டு இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருந்தார். அண்ணனுக்கும் அவருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்கும் என்பது லிஃப்டுக்குக்கூடத் தெரியும். அண்ணனின் அம்மா அப்போது படுத்த படுக்கை. கல்யாணப் பேச்சை எடுத்தால் "அம்மா இருக்கிறா" என்பார், அதுதான் பதில். அம்மா போனார். வருஷம் கழியட்டும் என்றார். வருஷம் கழிந்தது. அம்மாவின் அறையை இன்னும் ஒழிக்கவில்லை என்றார். டீச்சர் ஏழு வருடம் காத்திருந்து பார்த்துவிட்டு, தன் அண்ணனோடு பெர்த்துக்குப் போய்விட்டார். போகிற அன்று இவர் பெட்டிகளை லிஃப்ட்வரை தூக்கிக் கொடுத்தார். அவ்வளவுதான் செய்தார். ஒரு வாரம் நான் இவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நல்ல மனிதர் என்பதற்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள முடியுமா?

பிறகு டீச்சரிடமிருந்து கடிதம் வரத் தொடங்கியது. மாதம் ஒன்று, பிறகு வாரம் ஒன்று. இரண்டு வருடம் அப்படியே போனது. ஒரு திங்கட்கிழமை அண்ணன் கால்சட்டையின் நீளத்தைக் குறைக்க வேண்டுமென்று என் வாசலுக்கு வந்தார். அளவு சொன்னார். நின்றார்.

"எழுதிப் போட்டன், தங்கச்சி."

"என்னத்த?"

"வாறீங்களோ, கலியாணம் செய்வம் எண்டு கேட்டன்."

மெஷினை நிறுத்திவிட்டேன். "அம்மா அறை?"

"அது அப்படியேதான் இருக்குது. இருக்கட்டும் எண்டு நினைச்சன்."

அன்றைக்கு நான் அந்தக் கால்சட்டைக்குக் கூலி வாங்கவில்லை.

புதன்கிழமை மழை முந்திக்கொண்டது. வழக்கமாக நாலு மணிக்கு மேல் வருகிற மழை, அன்று ஒரு மணிக்கே வானத்தை இருட்டாக்கிக்கொண்டு வந்தது. மோடம் பாடி ஓய்ந்து கடிதங்கள் வந்துகொண்டிருக்கும்போதே யார்டுக்கு மேலே ஒரு மின்னல், கூடவே கரண்ட் போய்விட்டது. பத்து நிமிடத்தில் திரும்ப வந்தது. கம்ப்யூட்டரும் தானாக எழுந்துகொண்டது. ஒன்றும் ஆகவில்லை என்றார் அண்ணன். நானும் காயப்போட்ட துணியை எடுக்க ஓடினேன்.

அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை. வேளை தவறாமல் மோடம் பாடியது, பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் யார் கதவடியிலும் தாள் வந்து விழவில்லை. ஏழரை மணி முணுமுணுப்பு நின்றுபோனது. நடைபாதை வெறிச்சென்று இருந்தது. மூன்றாம் வீட்டு அம்மா, பேரன் பிறந்ததும் மகன் தன்னை மறந்துவிட்டானென்று மருமகளைத் திட்டினார். ஆளாளுக்குத் தத்தம் பிள்ளைகளைத்தான் நொந்துகொண்டார்களே தவிர ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. பிள்ளை எழுதவில்லை என்பதை வெளியே சொல்ல யாருக்கு மனம் வரும்? நானும்தான் சொல்லவில்லை.

அண்ணன் நாளுக்கு மூன்று முறை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எழுந்தார். ஞாயிற்றுக்கிழமை தைத்த கால்சட்டையைக் கொடுக்கப் போனேன். வாங்கி, மடித்து, நாற்காலியில் வைத்தார்.

"பதில் சொல்லாததும் ஒரு பதில்தானே, தங்கச்சி" என்றார். நான் வீட்டுக்கு வந்து டீச்சரை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். இத்தனை வருடம் கழித்து ஒரு மனிதன் வாயைத் திறந்தால் இப்படியா செய்வது என்று.

செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு என் வீட்டுப் போன் அடித்தது. லண்டனிலிருந்து தம்பி.

"அக்கா, மூணு மெயில் போட்டேன். ஒண்ணுக்கும் பதில் காணோம். அத்தான் நல்லா இருக்காரா?"

ரிசீவரை வைத்தேனா இல்லையா என்று நினைவில்லை. எதிர்வீட்டுக்குள் ஓடி விஷயத்தைச் சொன்னேன். நான் சொல்லி முடித்தேனா என்று பார்த்துவிட்டு அண்ணன் திரையில் எதையோ திறந்தார். கம்ப்யூட்டர் தன் வேலையைக் குறித்து வைக்கிற ஃபைல் அது. ஒரே வரி, ஒன்றன்கீழ் ஒன்றாக, பதினெட்டுத் தடவை. ஏற்கெனவே ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஏற்கெனவே ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

கரண்ட் போனபோது பாதியில் செத்த வேலை, டோக்கனை அழிக்காமல் போய்விட்டது. அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வேளையும் கம்ப்யூட்டர் போனை மட்டும் போட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. டோக்கன் இருந்தால் நில் என்று அண்ணன் அதற்குச் சொல்லியிருந்தார். நின்றால் வந்து என்னிடம் சொல் என்று சொல்லி வைக்கவில்லை. ரயில் நின்றால் பத்துப் பேர் வந்து கத்துவார்கள், இது கத்தாது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

"அழிச்சிடுங்க அண்ணே" என்றேன்.

"அப்படி அழிக்கேலாது. உள்ள ஒண்டும் இல்லையெண்டு பார்க்க வேணும்."

"உள்ள ரயிலே இல்ல. ஆறு நாளா வெறும் தண்டவாளத்துக்குக் காவல் இருந்திருக்கீங்க."

என்னை ஏறிட்டுப் பார்த்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனது.

"ஆறு நாள் மட்டுமில்லை, தங்கச்சி" என்றார்.

சொல்லிவிட்டு, அதே நிதானத்தில் வேலையைத் தொடங்கினார். எதுவும் ஓடவில்லை என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தார். ஆறு பெட்டிகளையும் ஒரு நகல் எடுத்து வைத்தார். மூன்றாம் வீட்டுப் பெட்டியின் அடியில் பாதியில் அறுந்த கடிதம் ஒன்று கிடந்தது. திரையை ஒரு கையால் மறைத்துக்கொண்டு, வாசிக்காமலேயே அதை வெட்டி எடுத்துத் தனியே வைத்தார். கடைசியில் டோக்கனை அழித்தபோது மணி நாலு பத்து.

மோடம் பாடியது. கடிதங்கள் வரத் தொடங்கின. ஒவ்வொரு வீடாக எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆறு நாளாக எங்கேயோ வாசலில் நனைந்தபடி நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வருவது மாதிரி இருந்தது. என் தம்பியின் மூன்றும் வந்தன. கடைசியில் அண்ணனின் பெட்டி. நான்கு கடிதங்கள் என்று காட்டியது. முதல் இரண்டும் சட்டென்று வந்துவிட்டன. மூன்றாவது, பழைய சிநேகிதர் யாரோ அனுப்பிய நீராவி இஞ்சின் படம். அது உள்ளே வரமுடியாமல் ஊர்ந்தது. நான்காவது யாருடையதென்று தெரியவில்லை.

வந்த இரண்டும் டீச்சருடையவை. அண்ணன் வாசித்தார். அந்த எழுத்தை வாய்விட்டுத்தானே வாசிக்க வேண்டும், அதனால் எனக்கும் கேட்டது.

வியாழக்கிழமைக் கடிதம் சின்னது. 'வருகிறேன். ஆனால் உங்களை எனக்குத் தெரியும். இது கிடைத்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகுதான் டிக்கெட் எடுப்பேன்.'

ஞாயிற்றுக்கிழமைக் கடிதத்தை வாசிக்கும்போது அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. 'இன்னும் பதில் இல்லை. போன் செய்து கேட்க மனமில்லை, ஏழு வருடம் நான்தான் கேட்டேன். இங்கே பள்ளியில் மூன்று வருட வேலை ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். செவ்வாய் மாலை ஐந்து மணிவரை தவணை வாங்கியிருக்கிறேன்.'

அன்றுதான் செவ்வாய். மணி நாலு முப்பத்தைந்து. பெர்த் மணியும் நம் மணியும் ஒன்றுதான். வீட்டில் இருப்பது ஒரே போன் லைன், அதில் இஞ்சின் படம் வந்துகொண்டிருந்தது. என் வீட்டிலிருந்து பேசலாம் என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் நினைவு வந்தது, எங்கள் லைனில் வெளிநாட்டு அழைப்பு வரும், இங்கிருந்து வெளிநாட்டுக்குக் கூப்பிட முடியாது.

எனக்கும் ஒரு பயம் இருந்தது. "நாலாவதும் அவங்களுதா இருந்தா?" என்று கேட்டேன். எல்லாம் வந்து சேர்ந்த பிறகு பேசுவதுதான் அவர் வழக்கம். அது முழுதாக வந்து முடிய ஐந்தரை ஆகிவிடும் போலிருந்தது.

அண்ணன் குனிந்தார். மோடத்திலிருந்து போன் வயரைப் பிடுங்கினார். திரையில் எண்கள் அப்படியே நின்றன. வயரைப் போனில் செருகி, காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்திருந்த நம்பரைச் சுழற்றினார். இரண்டு வருடமாக அந்த நம்பரை அவர் ஒருமுறையும் கூப்பிட்டதில்லை.

அந்தப் பக்கம் எடுத்த உடனேயே பேச்சுத் தொடங்கிவிட்டது, எனக்கு இரைச்சலாகக் கேட்டது. நான் வாசல்வரை போய் நின்றுவிட்டேன்.

"இல்லை, இல்லை. நீங்கள் பிறகு சொல்லலாம்" என்றார் அண்ணன். "முதல்ல நான் சொல்றன். கையெழுத்துப் போடாதீங்கோ. கடிதம் இப்பதான் கிடைச்சது. டிக்கெட் எடுங்கோ."

ஒருவர் பேசும்போது அவர் குறுக்கே பேசி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். அதற்குப் பிறகு அவர் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் மெல்ல வெளியே வந்து நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யார்டின்மேல் வெயில் தாழ்ந்து, எல்லாத் தண்டவாளமும் ஒரே நிறமாக இருந்தது. அழுகிறேன் என்பது கன்னத்தைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது.

இந்தத் தடவை லைன்தான் அறுந்தது, கரண்ட் போகவில்லை, அதனால் கம்ப்யூட்டரே டோக்கனை அழித்துவிட்டு, ஏழு மணிக்குத் தானாகவே மறுபடி போய், அங்கே அழியாமல் இருந்த மீதியை எடுத்து வந்தது. நான்காவது கடிதமும் டீச்சருடையதுதான், அன்று மத்தியானம் எழுதியது. 'உங்கள் மௌனம் போதும். முடிவு செய்துவிட்டேன், இங்கேயே இருக்கிறேன். இனி எழுதவும் வேண்டாம், பேசவும் வேண்டாம். உங்களால் ஒன்றைத் தொடங்கவும் முடியாது, முடிக்கவும் முடியாது.' அண்ணன் முணுமுணுத்து முடித்துவிட்டு, அதையும் எல்லாருடைய கடிதத்தையும் போலவே எழுத்து உள்பக்கம் போக மடித்து ஊசி அடித்தார். எழுத்தில் வந்துவிட்டால் மறுபேச்சுப் பேசாத மனிதர் அவர். இது மட்டும் நாலு முப்பத்தைந்துக்கு முன்னால் வந்திருந்தால் போனைத் தொட்டிருக்கவே மாட்டார்.

அடுத்த மாதம் டீச்சர் வந்தார். அப்போது சுபாங்தான் விமான நிலையம். அண்ணன் டாக்சி வைத்துப் போய் அழைத்து வந்தார். கல்யாண ரவிக்கை நான்தான் தைத்தேன். அளவு கொடுக்க வந்த அன்று டீச்சர் கையை நீட்டிக்கொண்டு நின்றவர், தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"அன்னைக்கு மத்தியானம் ஒரு கடிதம் போட்டேன். மோசமா எழுதிட்டேன். அது வந்துச்சா?"

எனக்குப் பொய் வராது. "வந்துச்சு டீச்சர். ஏழு மணிக்கு."

"வாசிச்சாரா?"

"வாசிச்சாரு."

டீச்சர் நீட்டிய கையை இறக்கவில்லை. "தினமும் போன் பண்ணாரு. ஏர்போர்ட்டுல ரெண்டு மணி நேரம் முந்தியே வந்து நின்னாரு. அதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கலையே" என்றார். பிறகு, "எல்லாம் தெரிஞ்சுதான் வந்து நின்னாரா?" என்று என்னிடம் கேட்காதது போலக் கேட்டார்.

நான் டேப்பை அவர் தோளில் வைத்தேன். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது, அளவு எடுக்க முடியவில்லை. டேப்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, அழுது முடிக்கட்டும் என்று உட்கார்ந்தேன்.